ஜான் குவின்சி ஆடம்ஸ்: தோற்றுப்போன ஓர் அதிபரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் ஆறாவது அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸைப் பற்றிப் பேச்செடுத்தாலே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்து, எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதியிருக்கிறேன். வாஷிங்டன், ஜெஃபர்சன், லிங்கன் என்றால் எல்லோருக்கும் தெரிகிறது, இவரைத் தெரிவதில்லை. தெரிந்தவர்களும் "ஒரு தவணை இருந்துவிட்டுத் தோற்றவர்தானே" என்று அதோடு விட்டுவிடுகிறார்கள். அந்தத் தோல்விக்குப் பிறகு அவர் வாழ்ந்த வருடங்கள்தான் என்னை இவரிடம் இழுத்தவை. அதனால் அந்தப் பகுதிக்கு வரும்போது பதில்கள் நீண்டுவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜான் ஆடம்ஸ் வேறு, ஜான் குவின்சி ஆடம்ஸ் வேறா?

வேறுதான். அப்பாவும் மகனும். அப்பா ஜான் ஆடம்ஸ் இரண்டாவது அதிபர், மகன் ஆறாவது அதிபர். 1767 ஜூலை 11 அன்று மாசசூசெட்ஸில் பிரெய்ன்ட்ரீ என்ற ஊரில் பிறந்தார். ஊரின் அந்தப் பகுதிதான் பின்னால் பிரிந்து குவின்சி என்று ஆனது. குவின்சி என்பது அம்மா அபிகெயிலின் தாத்தா பெயர். குழந்தை பிறந்தபோது அந்தப் பெரியவர் மரணப்படுக்கையில் இருந்தார், அவர் பெயர் நிலைக்கட்டும் என்று வைத்தார்கள். அப்பாவைப் போல மகனும் அதிபரானது அமெரிக்காவில் அதுவரை நடந்ததில்லை, அடுத்து நடக்க 2001 வரை காத்திருக்க வேண்டியிருந்தது (புஷ் குடும்பம்).

சின்ன வயதிலேயே போரைப் பார்த்தவர் என்கிறார்களே?

ஆமாம். 1775 ஜூன் 17, அமெரிக்க சுதந்திரப் போரில் பங்கர் ஹில் சண்டை நடந்த நாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த பென்ஸ் ஹில் குன்றில் ஏறி, தூரத்தில் சார்ல்ஸ்டவுன் பற்றி எரிவதையும் பீரங்கிச் சத்தத்தையும் பார்த்தும் கேட்டும் நின்றான் அந்த ஏழு வயதுப் பையன். அன்று செத்தவர்களில் ஒருவர் டாக்டர் ஜோசப் வாரன். அவர்களுடைய குடும்ப வைத்தியர், இந்தப் பையனின் விரல் ஒன்று மோசமாக முறிந்தபோது அதை வெட்டாமல் காப்பாற்றிக் கொடுத்தவர். வயதாகியும் அந்த நாளை ஆடம்ஸ் மறக்கவில்லை.

அப்பா அந்த நேரத்தில் பிலடெல்பியாவில் சுதந்திரப் போராட்ட வேலையில் இருந்தார், வீட்டையும் பிள்ளைகளையும் அம்மாதான் பார்த்துக்கொண்டார். கண்டிப்பு என்றால் சாதாரணக் கண்டிப்பு இல்லை. பையன் அப்பாவோடு பிரான்ஸ் போனபோது அம்மா எழுதிய கடிதத்தில், நீ ஒழுக்கம் கெட்டுத் திரிவதைப் பார்ப்பதைவிட நீ கடந்துபோன கடலே உனக்குச் சமாதியாகியிருந்தால் தேவலை என்று ஒரு வரி வருகிறது. அப்போது அவனுக்குப் பத்து வயது. இதைப் படித்தபோது எனக்கு மனசு கனத்துவிட்டது. இந்த மனிதர் வாழ்நாள் முழுக்கத் தன்னைத்தானே விரட்டிக்கொண்டிருந்ததற்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பதினாலு வயதில் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனாரா? நம்பலாமா?

நம்பலாம். 1778-இல் முதல் முறை அப்பாவோடு கப்பலேறினார். அடுத்த ஆண்டு இரண்டாவது பயணத்தில் கப்பலில் ஓட்டை விழுந்து நீர் ஏறிக்கொண்டே இருக்க, ஸ்பெயினில் ஃபெரோல் துறைமுகத்தில் கரையொதுங்கி, அங்கிருந்து குளிர்காலத்தில் கோவேறு கழுதைகள் மேலும் வண்டிகளிலுமாக மலைகளைக் கடந்து பாரிஸ் போய்ச் சேர்ந்தார்கள். பாரிஸில் படிப்பு, நெதர்லாந்தில் லைடன் பல்கலைக்கழகத்தில் படிப்பு. பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு.

1781-இல் ஃபிரான்சிஸ் டேனா என்பவரை அமெரிக்கா ரஷ்யாவுக்குத் தூதராக அனுப்பியது. ரஷ்ய அரசவையில் பிரெஞ்சு பேசுவார்கள், டேனாவுக்குப் பிரெஞ்சு சரியாக வராது. அதனால் மொழிபெயர்ப்பாளராகவும் செயலாளராகவும் இந்தப் பதினாலு வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு போனார். பேரரசி கேத்தரின் இவர்களைத் தூதர்களாக ஏற்றுக்கொள்ளவே இல்லை, வேலை பலிக்கவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்து புத்தகங்களாகப் படித்துத் தள்ளிவிட்டு, ஸ்வீடன், டென்மார்க், ஜெர்மனி வழியாகத் திரும்பி வந்தார். அப்புறம் ஊருக்கு வந்து ஹார்வர்டில் சேர்ந்து 1787-இல் பட்டம் வாங்கி, சட்டம் படித்து பாஸ்டனில் வக்கீலாக உட்கார்ந்தார். கட்சிக்காரர்கள் அதிகம் வரவில்லை.

தூதராக எந்தெந்த நாடுகளில் இருந்தார்?

1794-இல் வாஷிங்டன் இவரை நெதர்லாந்துக்கு அனுப்பியபோது வயது 26. பிறகு பிரஷ்யா (1797–1801), ரஷ்யா (1809–1814), பிரிட்டன் (1815–1817). நடுவில் ஊருக்கு வந்து செனட்டராக இருந்தார், ஹார்வர்டில் பேச்சுக்கலைப் பேராசிரியராகவும் இருந்தார்.

செனட்டர் காலத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் ஃபெடரலிஸ்ட் கட்சி, ஆனால் 1807-இல் எதிர்க்கட்சி அதிபர் ஜெஃபர்சன் கொண்டுவந்த வணிகத் தடைச் சட்டத்தை நாட்டுக்கு நல்லது என்று நினைத்து ஆதரித்தார். கப்பல் வணிகத்தை நம்பியிருந்த மாசசூசெட்ஸ் கொதித்துப்போனது. இவருடைய காலம் முடிவதற்கு முன்பே அவர் இடத்துக்கு வேறொருவரைத் தேர்ந்தெடுத்து அவமானப்படுத்தினார்கள். 1808-இல் ராஜினாமா செய்துவிட்டு வெளியே வந்தார். கட்சிக்காகத் தலையாட்டுவது அவருக்கு எந்தக் காலத்திலும் வரவில்லை.

ரஷ்யாவில் இருந்தபோது ஜார் முதலாம் அலெக்சாண்டரோடு நல்ல பழக்கம். நேவா நதிக்கரையில் நடக்கப் போகும்போது இருவரும் எதிரெதிரே சந்தித்துப் பேசிக்கொள்வார்கள். அங்கேயே உச்ச நீதிமன்ற நீதிபதி பதவி தேடி வந்தது, செனட்டும் ஒப்புதல் கொடுத்துவிட்டது, இவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அங்கேதான் 1812-இல், ஒரு வயது சொச்சமே ஆன பெண் குழந்தையைப் புதைத்தார்கள்.

கென்ட் உடன்படிக்கை என்பது என்ன?

1812-இல் அமெரிக்காவும் பிரிட்டனும் மறுபடி போரில் இறங்கின. அதை முடிக்க பெல்ஜியத்தில் இன்று இருக்கும் கென்ட் நகரத்தில் 1814 ஆகஸ்டில் பேச்சுவார்த்தை தொடங்கியது. அமெரிக்கக் குழு ஐந்து பேருக்கு ஆடம்ஸ் தலைவர். அதில் ஹென்றி கிளேயும் ஒருவர், பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார். கிளே விடிய விடியச் சீட்டாடிவிட்டுக் கலையும் நேரத்தில் பக்கத்து அறையில் ஆடம்ஸ் எழுந்து விளக்கேற்றி வேலையைத் தொடங்குவார். இரண்டு பேருக்கும் ஒத்துவராதது ஆச்சரியமில்லை.

டிசம்பர் 24-ஆம் தேதி கையெழுத்தானது. சாரம் இதுதான்: போருக்கு முன்னால் யார் கையில் எது இருந்ததோ அது அவர்களிடமே இருக்கும். பிரிட்டன் அப்போது இருந்த பலத்துக்கு, ஒரு துண்டு நிலமும் விடாமல் வெளியே வந்தது அமெரிக்காவுக்குப் பெரிய விஷயம். செய்தி கடலைத் தாண்டிப் போய்ச் சேருவதற்குள் 1815 ஜனவரி 8-இல் நியூ ஆர்லியன்ஸில் ஆண்ட்ரூ ஜாக்சன் ஆங்கிலேயப் படையை அடித்து விரட்டி நாட்டுக்கே நாயகனாகிவிட்டார். அவரும் பின்னால் வருவார்.

மனைவி லூயிசா தனியாக ரஷ்யாவிலிருந்து பாரிஸ் வந்தாராமே?

வந்தார். கணவர் கென்ட் போய்விட்டார், இவர் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தார். எல்லாவற்றையும் விற்றுவிட்டு பாரிஸுக்கு வந்துவிடு என்று கடிதம் வந்ததும் 1815 பிப்ரவரியில், உறைபனியில், ஏழு வயது மகன் சார்ல்ஸைக் கூட்டிக்கொண்டு வண்டியேறினார். நாற்பது நாள் பயணம். நெப்போலியன் போர்கள் சிதைத்துப் போட்ட ஊர்கள் வழியாக. அதே வாரங்களில் எல்பா தீவிலிருந்து நெப்போலியன் தப்பி வந்துவிட, பிரான்சுக்குள் அவருடைய படைவீரர்கள் ரஷ்ய வண்டியைப் பார்த்து வழிமறித்துக் கூச்சலிட்டார்கள். லூயிசா நல்ல பிரெஞ்சில் "நெப்போலியன் வாழ்க" என்று குரல் கொடுத்து மகனைக் காப்பாற்றிக்கொண்டு பாரிஸ் சேர்ந்தார். லண்டனில் பிறந்தவர், அமெரிக்காவுக்கு வெளியே பிறந்த முதல் அதிபர் மனைவி. கணவரைப் பற்றி எழுதுகிறவர்கள் இவரை இரண்டு வரியில் கடந்துபோவது எனக்குப் பிடிக்காது.

மன்றோ கோட்பாட்டை எழுதியது மன்றோவா, இவரா?

அறிவித்தது அதிபர் மன்றோ, உள்ளே இருக்கும் எண்ணத்தில் பெரும்பங்கு ஆடம்ஸுடையது. 1817 முதல் 1825 வரை அவர் மன்றோ அரசில் வெளியுறவுச் செயலர், நம் ஊர்க் கணக்கில் வெளியுறவு அமைச்சர். 1823-இல் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் கேனிங், தென் அமெரிக்காவில் ஐரோப்பிய அரசுகள் மறுபடி கை வைக்கக் கூடாது என்று நாம் இருவரும் கூட்டாக அறிவிப்போம் என்று அழைத்தார். ஜெஃபர்சன், மேடிசன் இரண்டு பேருமே சேர்ந்து செய்யலாம் என்று மன்றோவுக்கு ஆலோசனை சொன்னார்கள். ஆடம்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. பிரிட்டிஷ் போர்க்கப்பலுக்குப் பின்னால் சின்னப் படகாக நாம் இழுபட்டுப் போவதைவிட, நம் கருத்தை நாமே நேராகச் சொல்வதுதான் கௌரவம் என்றார். அவர் சொன்னபடியே 1823 டிசம்பர் 2 அன்று அமெரிக்கா தனியாகவே அறிவித்தது. அதுதான் மன்றோ கோட்பாடு.

அதற்கு முன் 1819-இல் ஸ்பெயின் தூதர் ஓனிஸோடு பேசிப் பேசி ஃபுளோரிடாவை வாங்கியதும் இவர்தான். அந்த ஒப்பந்தத்தில் அமெரிக்க எல்லைக்கோடு முதல் தடவையாகப் பசிபிக் கடல் வரை போனது. இதற்கு ஒரு வருடம் முன்பு, ஜாக்சன் உத்தரவை மீறி ஃபுளோரிடாவுக்குள் படையோடு நுழைந்தபோது, அமைச்சரவையில் எல்லோரும் அவரைக் கண்டிக்கச் சொன்னார்கள், ஆடம்ஸ் ஒருவர்தான் ஜாக்சன் பக்கம் நின்றார். அந்தப் படையெடுப்பில் அங்கிருந்த செமினோல் பழங்குடி மக்கள் பட்ட பாட்டை நினைத்தால், அவர் நின்ற பக்கம் சரியில்லை என்பது என் கருத்து.

1824 தேர்தலில் உண்மையிலேயே தில்லுமுல்லு நடந்ததா?

கணக்கை முதலில் பார்த்துவிடலாம். அதிபரை முடிவு செய்வது மக்கள் ஓட்டு நேரடியாக அல்ல, மாநிலங்களின் தேர்வாளர்கள் போடும் ஓட்டு. அந்தத் தேர்வாளர் வாக்குகளில் ஜாக்சன் 99, ஆடம்ஸ் 84, கிராஃபோர்டு 41, கிளே 37. ஜெயிக்க 131 வேண்டும், யாருக்கும் இல்லை. இப்படி ஆனால் முதல் மூன்று பேரில் ஒருவரைப் பிரதிநிதிகள் சபை தேர்ந்தெடுக்க வேண்டும், ஒரு மாநிலத்துக்கு ஒரு ஓட்டு. நாலாவதாக வந்த கிளே போட்டியிலிருந்து விழுந்துவிட்டார், ஆனால் அந்தச் சபைக்கு அவர்தான் சபாநாயகர். கிளே ஆடம்ஸை ஆதரித்தார். 1825 பிப்ரவரி 9 அன்று ஆடம்ஸுக்கு 13 மாநிலங்கள், ஜாக்சனுக்கு 7, கிராஃபோர்டுக்கு 4. ஆடம்ஸ் அதிபரானார், கிளேயை வெளியுறவுச் செயலராக நியமித்தார்.

ஊழல் பேரம் என்று ஜாக்சன் ஆட்கள் அன்று ஆரம்பித்தவர்கள் நாலு வருடமும் நிறுத்தவில்லை. பேரம் நடந்ததற்கு நேரடிச் சான்று ஒன்றும் கிடைக்கவில்லை. கிளேக்கு ஜாக்சனைப் பிடிக்காது, சாலை, கால்வாய், தொழில் வளர்ச்சி விஷயங்களில் ஆடம்ஸோடு ஒத்த கருத்து, எனவே பேரம் இல்லாமலேயே ஆதரித்திருக்கலாம். ஆனாலும் மக்கள் ஓட்டில் முந்தியவர் ஜாக்சன். கென்டக்கி சட்டமன்றம் ஜாக்சனுக்குப் போடச் சொல்லியும் அந்த மாநிலத்துப் பிரதிநிதிகள் ஆடம்ஸுக்குப் போட்டார்கள். இவ்வளவுக்கும் பிறகு கிளேக்கே அந்தப் பதவியைக் கொடுத்தால் ஊர் என்ன பேசும் என்று யோசிக்காதது ஆடம்ஸ் செய்த பெரிய தவறு. மனசாட்சி சுத்தமாக இருந்தால் போதும் என்று நினைக்கிற ஆள் அவர், அரசியலில் அது போதாது.

அதிபராக என்னதான் சாதித்தார்?

நினைத்ததில் பெரும்பாலும் நடக்கவில்லை. 1825 டிசம்பரில் காங்கிரஸுக்கு அனுப்பிய முதல் செய்தியில் தேசியப் பல்கலைக்கழகம், சாலைகள், கால்வாய்கள், வானாய்வுக் கூடங்கள் எல்லாம் கேட்டார். ஐரோப்பாவில் நூற்றுக்கும் மேல் இருக்கும் அந்த "வானத்துக் கலங்கரை விளக்கங்கள்" அமெரிக்க மண்ணில் ஒன்றுகூட இல்லையே என்று வருந்தினார். எதிரிகள் அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டு கேலி செய்தார்கள். அதே செய்தியில், வாக்காளர்கள் விருப்பம் நம் கையைக் கட்டிப்போட்டுவிட்டது என்று உலகத்துக்குச் சொல்லப்போகிறோமா என்றும் எழுதிவிட்டார். மக்களை மதிக்காதவர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

ஜார்ஜியாவில் க்ரீக் பழங்குடி மக்களின் நிலத்தை ஏமாற்றி எழுதி வாங்கிய 1825 ஒப்பந்தத்தை ரத்து செய்து வேறு ஒப்பந்தம் போட்டார், ஆனால் ஆளுநர் ட்ரூப் அதையும் மீறி அளவெடுக்க ஆள் அனுப்பியபோது உறுதியாக நிற்கவில்லை. நிலம் போயிற்று. 1828-இல் வந்த சுங்கவரிச் சட்டம் தெற்கு மாநிலங்களின் வெறுப்பைச் சம்பாதித்துக் கொடுத்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் ஜாக்சன் 178, ஆடம்ஸ் 83. ஜாக்சன் பதவியேற்புக்கு அவர் போகவில்லை.

போட்டோமாக் நதியில் துணியில்லாமல் நீந்துவாராமே? முதலை வளர்த்தாராமே?

நீந்தியது உண்மை. கோடையில் விடியற்காலையில் போய் நீந்திவிட்டு வருவார், டைரியிலேயே எழுதியிருக்கிறார். 1825 ஜூனில் படகில் நீர் புகுந்து, உடுத்தியிருந்த சட்டைக் கைகளில் நீர் நிறைந்து இழுக்க, மூழ்கிவிட இருந்தார். ஒரு பெண் பத்திரிகையாளர் அவருடைய துணிகளின் மேல் உட்கார்ந்துகொண்டு பேட்டி வாங்கினார் என்ற கதைக்கும் வெள்ளை மாளிகை முதலைக் கதைக்கும் நம்பத்தகுந்த சான்று கிடையாது. லூயிசா பட்டுப்புழு வளர்த்தது நிஜம்.

தோற்ற பிறகு எதற்காகத் திரும்ப வந்தார்?

அப்போது அவர் இருந்த நிலையைச் சொன்னால்தான் இது புரியும். 1829 வசந்தத்தில் மூத்த மகன் ஜார்ஜ் நீராவிக் கப்பலிலிருந்து கடலில் விழுந்து இறந்துபோனான். பதவியும் போய், பிள்ளையும் போய், குவின்சி வீட்டில் தோட்டம் போட்டுக்கொண்டு அப்பாவின் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். 1830-இல் உள்ளூர்க்காரர்கள் வந்து பிரதிநிதிகள் சபைக்கு நிற்கிறீர்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்கள், முன்னாள் அதிபருக்கு அது இறக்கமில்லையா என்று அவர்களுக்கே சங்கடம். மக்களுடைய பிரதிநிதியாக இருப்பதால் யாருக்கும் தாழ்வு வராது, ஊர்ப் பொறுப்பாளராக இருந்தாலும்கூட வராது என்றார். பிரசாரம் செய்ய மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார்.

ஜெயித்தார். அதிபரானபோதுகூட இதில் பாதி நிறைவு கிடைக்கவில்லை என்று டைரியில் எழுதினார். 64 வயதில் போய் உட்கார்ந்தவர் ஒன்பது முறை தேர்வாகி சாகும்வரை அங்கேயே இருந்தார். அதிபராக இருந்துவிட்டுப் பிரதிநிதிகள் சபையில் உறுப்பினரானவர் இன்றுவரை இவர் ஒருவர்தான்.

வாய்ப்பூட்டு விதி என்று சொல்கிறார்களே, அது என்ன? இவர் அதை எப்படி எதிர்த்தார்?

1830-களில் அடிமை முறையை ஒழிக்கச் சொல்லி, குறிப்பாகத் தலைநகர் வாஷிங்டனிலாவது ஒழிக்கச் சொல்லி, வடக்கு மாநில மக்கள் ஆயிரக்கணக்கில் மனு அனுப்பினார்கள், கையெழுத்துப் போட்டவர்களில் பெண்கள் ஏராளம். தெற்கு உறுப்பினர்களால் பொறுக்க முடியவில்லை. 1836 மே மாதம், அடிமை முறை பற்றிய எந்த மனுவையும் அச்சிடாமல், விவாதிக்காமல், குழுவுக்கும் அனுப்பாமல் அப்படியே ஓரம்கட்டிவிட வேண்டும் என்று சபையில் தீர்மானம் போட்டார்கள். ஆடம்ஸ் எழுந்தபோது பேச விடவில்லை. எனக்கு வாய்ப்பூட்டுப் போட்டிருக்கிறார்களா என்று கேட்டார். ஓட்டெடுப்பில் அவர் பெயரைக் கூப்பிட்டதும், இது அரசியல் சட்டத்துக்கும் சபை விதிகளுக்கும் என் தொகுதி மக்களின் உரிமைக்கும் நேர் விரோதம் என்று கூச்சலுக்கு நடுவே சொன்னார்.

அவர் பிடித்த பிடி என்ன என்பதைக் கவனியுங்கள். அடிமை முறை சரியா தப்பா என்று சபையில் நேராக வாதாடினால் ஆதரவு கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். ஆனால் மனுக் கொடுக்கும் உரிமை அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்திலேயே இருக்கிறது. கறுப்பர்களின் விடுதலையில் அக்கறை இல்லாத வடக்கத்திய வெள்ளைக்காரனுக்கும், என் மனுவையே வாங்க மாட்டாயா என்றால் கோபம் வரும். இந்த இடத்தில் கை வைத்து எட்டு வருடம் விடாமல் தட்டினார். ஒவ்வொரு கூட்டத் தொடரிலும் கட்டுக்கட்டாக மனுக்களோடு வருவார், தலைப்பை வாசிப்பார், உட்காரச் சொல்வார்கள், அடுத்ததை எடுப்பார்.

1837 பிப்ரவரியில் 22 அடிமைகளே கையெழுத்திட்ட மனு ஒன்று என்னிடம் இருக்கிறது, இதை விதி தடுக்குமா என்று சபாநாயகரிடம் கேட்டார். சபை வெடித்தது. வெளியே தள்ளுங்கள், கண்டனத் தீர்மானம் போடுங்கள் என்று கத்தினார்கள். எல்லோரும் கத்தி ஓய்ந்த பிறகு, அவசரப்படாதீர்கள், இந்த மனு அடிமை முறையை ஒழிக்க வேண்டாம் என்று கேட்கிறது என்றார். தன்னைச் சிக்கவைக்க யாரோ ஜோடித்த மனு என்ற சந்தேகம் அவருக்கே இருந்தது. இருந்தாலும் கடவுளிடம் முறையிட யாருக்கும் உரிமை இருப்பதுபோல சபையிடம் முறையிட அடிமைக்கும் உரிமை உண்டு என்ற இடத்திலிருந்து அவர் நகரவில்லை. பெண்களுக்கு அரசியலில் என்ன வேலை என்று ஒருவர் கேட்டபோது, 1838-இல் நாள்கணக்கில் அவர்களுக்காக வாதாடினார்.

கொலை மிரட்டல் கடிதங்கள் வந்தன. கை நடுக்கம், கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருக்கும். 1844 டிசம்பர் 3 அன்று 108-க்கு 80 என்ற ஓட்டில் அந்த விதி ரத்தானது, தீர்மானம் கொண்டுவந்தவர் அவரே. அன்றைய டைரியில் கடவுளுக்கு நன்றி சொல்லி எழுதியிருக்கும் அந்த ஒற்றை வரியைப் படித்துவிட்டு நான் அந்தப் பக்கத்தை மூட முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அவரைச் சபையே விசாரணைக்கு நிறுத்தியதா?

1842 ஜனவரியில். மாசசூசெட்ஸில் ஹேவரில் என்ற ஊரிலிருந்து 46 பேர், அடிமை மாநிலங்களோடு சேர்ந்திருக்க முடியாது, ஒன்றியத்தைக் கலைத்துவிடுங்கள் என்று மனு அனுப்பினார்கள். ஆடம்ஸ் அதில் உடன்படவில்லை, ஏன் மறுக்க வேண்டும் என்று காரணங்களோடு பதில் கொடுங்கள் என்றுதான் கேட்டார். தேசத்துரோகம் என்று சொல்லிக் கண்டனத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். 74 வயதுக்காரர். சுதந்திரப் பிரகடனத்தின் முதல் பத்தியை வாசியுங்கள் என்று எழுத்தரைக் கேட்டார். அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவர் ஒருவரே எல்லோருக்கும் பதில் சொன்னார். சபையில் பேசக்கூடாது என்று தடுத்து வைத்த அடிமை முறை விஷயம் முழுவதையும், தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமை என்ற பெயரில் பேசித் தீர்த்தார். கடைசியில், சரி, விட்டுவிடலாமா என்று அவரே கேட்டபோது எதிரிகள் மூச்சு வாங்கிக்கொண்டு ஒத்துக்கொண்டார்கள்.

அமிஸ்டாட் வழக்கில் அவர் பங்கு என்ன?

சியரா லியோன் பகுதியிலிருந்து சட்டவிரோதமாகப் பிடித்து வரப்பட்டு ஹவானாவில் விற்கப்பட்ட 53 ஆப்பிரிக்கர்கள், 1839-இல் அமிஸ்டாட் என்ற கப்பலில் செங்பே பியே தலைமையில் கிளர்ந்தெழுந்து கப்பலைக் கைப்பற்றினார்கள். கிழக்கே ஆப்பிரிக்காவுக்கு ஓட்டு என்றார்கள். உயிரோடு விட்ட ஸ்பானியர் பகலில் கிழக்கேயும் இரவில் வடக்கேயுமாகத் திருப்பித் திருப்பி அமெரிக்கக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டார். கனெக்டிகட்டில் சிறை. அவர்களைத் தன்னிடம் ஒப்படைக்கும்படி ஸ்பெயின் கேட்டது, அதிபர் வான் பியூரன் கொடுத்துவிடத் தயாராக இருந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது.

முக்கிய வக்கீல் ரோஜர் பால்ட்வின். அடிமை ஒழிப்புக்காரர்கள் ஆடம்ஸையும் வந்து நிற்கும்படி கேட்டார்கள். அந்த நீதிமன்றத்தில் அவர் வாதாடி முப்பது வருடம் ஆகிவிட்டது, முடியாது என்றுதான் முதலில் சொன்னார். கைதிகளில் ஒருவனான காலே என்ற சிறுவன் புதிதாகக் கற்ற ஆங்கிலத்தில் அவருக்குக் கடிதம் எழுதினான். உங்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், மெண்டே ஆட்கள் (அவனுடைய இனத்தார்) வந்து அவர்களை ஆப்பிரிக்காவுக்குத் தூக்கிக்கொண்டு போனால் உங்களுக்கு வருத்தமாக இருக்காதா என்று கேட்டிருந்தான். மூன்று மகன்களில் இரண்டு பேரை அதற்குள் பறிகொடுத்திருந்த மனிதருக்கு வந்த கடிதம் அது.

1841 பிப்ரவரி 24-இல் நாலரை மணி நேரம் பேசினார். அன்றிரவு நீதிபதிகளில் ஒருவர் தூக்கத்திலேயே இறந்துவிட்டதால் மார்ச் 1-இல் மீதி நாலு மணி நேரம். நீதிமன்றத் தூணில் தொங்கிய சுதந்திரப் பிரகடனத்தைக் காட்டி, என் கட்சிக்காரர்களுக்குப் பொருந்தும் சட்டம் இது ஒன்றுதான் என்றார். மார்ச் 9-இல் நீதிபதி ஸ்டோரி தீர்ப்பு வாசித்தார். அவர்கள் கடத்தப்பட்டவர்கள், யாருக்கும் சொத்து அல்ல, விடுதலை. சட்ட நுணுக்கத்தில் தீர்ப்பு பால்ட்வின் வாதத்தை ஒட்டியே போகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். எஞ்சியிருந்த 35 பேர் நன்கொடைப் பணத்தில் கப்பலேறி 1842 ஜனவரியில் ஊர் சேர்ந்தார்கள்.

அப்படியானால் ஆரம்பத்திலிருந்தே அடிமை முறைக்கு எதிரியா?

மனதுக்குள் ஆமாம், வெளியே இல்லை. 1820-இல் மிசூரியை அடிமை மாநிலமாகச் சேர்ப்பதா என்ற விவகாரத்தின்போது, அடிமை முறை வட அமெரிக்க ஒன்றியத்தின் மேல் படிந்த பெரிய கறை என்று டைரியில் எழுதினார். அதிபராகும் ஆசை இருந்ததால் வெளியே வாய் திறக்கவில்லை. வெளியுறவுச் செயலராக, போரில் ஆங்கிலேயரோடு தப்பிப்போன அடிமைகளுக்காக முதலாளிகளுக்கு இழப்பீடு கேட்டுப் பிரிட்டனோடு வாதாடினார். பழங்குடி மக்கள் விஷயத்திலும் இளமையில் அவர் பேசியவை குடியேறிகளுக்குச் சாதகமான பேச்சுதான். 1841-இல், அவர்களுக்கு இந்த நாடு செய்தது கொடிய பாவம், கடவுள் ஒருநாள் கணக்குக் கேட்பார் என்று எழுதினார். காலம் கடந்து வந்த தெளிவு. இதையெல்லாம் மறைத்துவிட்டு அவரை மெச்ச எனக்கு விருப்பமில்லை.

ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

ஜேம்ஸ் ஸ்மித்சன் என்ற ஆங்கிலேய அறிவியலாளர், அமெரிக்காவுக்கே வராதவர், அறிவைப் பெருக்கிப் பரப்புவதற்காக என்று சொல்லி ஐந்து லட்சம் டாலருக்கு மேல் உயில் எழுதி வைத்தார். பணம் 1838-இல் வந்தது. அதை ஆர்கன்சா மாநிலக் கடன் பத்திரங்களில் போட்டார்கள், அந்த மாநிலம் கடனைக் கட்டவில்லை. ஆடம்ஸ் குழுத் தலைவராக இருந்து, அசல் தொகையை அரசாங்கம் ஈடுசெய்ய வேண்டும், வட்டியில் மட்டும் செலவு செய்ய வேண்டும் என்று பத்து வருடம் போராடினார். 1846-இல் நிறுவனம் உருவானது. வானாய்வுக் கூட ஆசையும் ஒரு வழியாக நிறைவேறியது. 1843-இல் சின்சினாட்டியில் ஒன்றுக்கு அடிக்கல் நாட்ட, 76 வயதில், குளிரில், உடம்பு சரியில்லாமலேயே போய்வந்தார்.

அவருடைய டைரி இப்போது கிடைக்கிறதா?

கிடைக்கிறது. 12 வயதில் தொடங்கி சாவுக்குக் கொஞ்சம் முன்புவரை எழுதியது, 51 தொகுதிகள், 14,000 பக்கங்களுக்கு மேல். மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகம் கையெழுத்துப் பக்கங்களையே இணையத்தில் போட்டிருக்கிறது. தன்னைப் பற்றி அதில் இரக்கமில்லாமல் எழுதுவார், ஒதுங்கிப் போகிறவன், குளிர்ந்தவன், கடுமையானவன் என்றெல்லாம். பேரன் ஹென்றி நினைவிலிருந்து எழுதிய ஒரு காட்சி வேறு மாதிரி. ஆறேழு வயதில் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அடம்பிடித்தபோது, மாடி அறைக் கதவு திறந்து தாத்தா இறங்கி வந்து, ஒரு வார்த்தை பேசாமல் கையைப் பிடித்துக்கொண்டு, வெயிலில் மைல் தூரம் நடந்து, வகுப்பில் உட்காரவைத்த பிறகுதான் கையை விட்டார்.

எப்படி இறந்தார்?

1848 பிப்ரவரி 21. மெக்சிகோ போர்த் தளபதிகளுக்குப் பாராட்டுத் தீர்மானம் ஓட்டுக்கு வந்தது. அந்தப் போரே அடிமை முறையைப் பரப்புவதற்காக என்று நம்பியவர், 1846-இல் போருக்கு எதிராக ஓட்டுப் போட்ட 14 பேரில் ஒருவர். அன்றும் இல்லை என்று ஓட்டளித்தார். சற்று நேரத்தில் எழ முயன்றவர் மேசை மேலே சரிந்தார். பக்கத்திலிருந்த சபாநாயகர் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டு நாள் கழித்து, 23-ஆம் தேதி, அங்கேயே உயிர் பிரிந்தது. இறுதிச் சடங்குக்கு ஏற்பாடு செய்த குழுவில் இல்லினாயிலிருந்து வந்த ஒரு புது உறுப்பினர் பெயரும் இருக்கிறது: ஆபிரகாம் லிங்கன். போர்க்காலத்தில் அரசு அடிமைகளை விடுவிக்க அதிகாரம் உண்டு என்று ஆடம்ஸ் சபையில் 1836 முதலே சொல்லிவந்தார். 1863-இல், உள்நாட்டுப் போரின் நடுவே, லிங்கன் போர் அதிகாரத்தை வைத்துத்தான் விடுதலைப் பிரகடனம் செய்தார். அதே போர்க்காலத்தில் மகன் சார்ல்ஸ் லண்டனில் தூதராக உட்கார்ந்து, பிரிந்துபோன தெற்கு மாநிலங்களின் கூட்டமைப்பைப் பிரிட்டன் அங்கீகரித்துவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அமெரிக்கா போனால் எங்கே பார்க்கலாம்?

பாஸ்டனுக்குத் தெற்கே குவின்சியில் அப்பா பிறந்த வீடு, மகன் பிறந்த வீடு இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. குடும்பம் பின்னால் வாழ்ந்த பெரிய வீடும், பக்கத்தில் சார்ல்ஸ் கட்டிய கல் நூலகமும் தேசியப் பூங்கா நிர்வாகத்தில் இருக்கின்றன. ஊர்த் தேவாலயத்தின் அடித்தளத்தில் ஜான், அபிகெயில், ஜான் குவின்சி, லூயிசா நாலு பேரும் அடக்கமாகியிருக்கிறார்கள். வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தில் இன்று சிலைகள் நிற்கும் பழைய சபை மண்டபத்துக்குப் போனால், அவருடைய மேசை இருந்த இடத்தைத் தரையில் ஒரு தகடு பதித்துக் காட்டியிருக்கிறார்கள். அவர் இறந்த அறை பக்கத்தில்தான். அது இப்போது சபையின் பெண் உறுப்பினர்களுக்கான அறை.